வாசல் மூலைக் கடையும் நாற்பத்தொரு திவால்களும்

ஹால்வர் ஊரில் யாரும் யாரையும் திட்டியதாகப் பதிவில்லை. மினசோட்டாவின் வடமேற்கில் நூற்றுநாற்பது வருஷமாக இருக்கும் ஊர் இது. இத்தனை காலத்தில் இங்கே வெளிப்பட்ட மிகக் கொடூரமான வசை, "வித்தியாசமா இருக்கே" என்பதுதான். அதையும் ஒரு பாதிரியாரின் புது மீசையைப் பார்த்து ஒரே ஒரு தடவைதான் சொன்னார்கள். மனுஷன் மறு மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி மூன்று வருஷம் பழிவெறியோடு குடித்தனம் நடத்தினாள் என்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். ஆர்டிஸ் புரூனுக்கு அது இருந்தது.

ஆர்டிஸுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருஷமாக ஒன்பதாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். கத்தமாட்டாள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், பின்வரிசை அடங்கிவிடும். அவள் கணவர் வெண்டல் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியில் துளை போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மீன் கிடைத்ததா என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வருஷத்தில் ஐந்து நாள் மட்டும் ஆர்டிஸ் பேருந்து ஓட்டுநர் இல்லை, முதலாளி. ஆகஸ்டில் கவுன்ட்டிப் பொருட்காட்சி நடக்கும்போது வாசலைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் முதல் கடை அவளுடையது. உள்ளே வருகிறவனுக்கும் தாகம், வெளியே போகிறவனுக்கும் தாகம், இரண்டு பேரும் அந்த மூலையைக் கடந்துதான் ஆகவேண்டும். ருபார்ப் என்ற சிவப்புப் புளிப்புத் தண்டைக் கொல்லையிலிருந்து வெட்டி, காய்ச்சி, எலுமிச்சைச் சாற்றில் கலந்து அவள் விற்ற ஜூஸைக் குடித்த மக்கள், "அவ்வளவு மோசமில்ல" என்றார்கள். ஹால்வரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. பதினாலு வருஷம் இப்படிப் புகழோடு வாழ்ந்தாள்.

பதினைந்தாவது வருஷம், பிப்ரவரியில், பொருட்காட்சிக் குழு கூடியது. தலைவர் வழக்கம்போல் கேட்டார்: "மூலைக் கடை இந்தத் தடவையும் உனக்குத்தானே, ஆர்டிஸ்?"

ஆர்டிஸும் வழக்கம்போல் சொன்னாள்: "அட, எனக்கென்ன. வேற யாருக்காவது வேணும்னா குடுங்க."

அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பது இந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். தலைவர் இரண்டாம் தடவை கேட்பார், அவள் "மத்தவங்களுக்கு எதுக்குச் சங்கடம்" என்பாள். மூன்றாம் தடவை கேட்பார், அவள் பெருமூச்சு விட்டு, "சரி, இவ்வளவு தூரம் சொல்றீங்க" என்பாள். காப்பியிலிருந்து கல்யாணம் வரைக்கும் இங்கே எல்லாம் மூன்றாம் தடவையில்தான் முடிவாகும். வெண்டல்கூட மூன்றாம் தடவைதான் கிடைத்தார்.

ஆனால் தலைவர் வாயைத் திறப்பதற்குள், இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வுபெற்ற வெர்லின் ஸ்கார் தொண்டையைச் செருமினார். "அப்ப நான் எடுத்துக்கறேன். மினி டோனட் போடலாம்னு இருக்கேன்."

யாரோ ஒருவர், "இல்ல, ஆர்டிஸ் என்ன சொன்னாங்கன்னா..." என்று தொடங்கினார்.

"வேணாம்னு சொன்னாங்க," என்றார் ஸ்கார். "வேணாம்னா வேணாம்னுதானே அர்த்தம்."

குழு முழுவதும் மேஜையின் மரக்கோடுகளை ஆராய்ந்தது. ஸ்கார் வெளியூர்க்காரராக இருந்திருந்தால் மன்னித்திருக்கலாம். மனுஷன் இங்கேயே பிறந்து, இங்கேயே எழுபது வருஷமாகக் காப்பியை இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை குடித்துக்கொண்டிருப்பவர். சட்டம் தெரிந்தே கொலை செய்திருந்தார்.

அந்த ஆகஸ்டில் ஆர்டிஸின் கடை, காட்சிக்கு வரும் பன்றிகளை அடைக்கும் கொட்டகைக்குப் பின்னால் போனது. அங்கே தாகத்தோடு வந்தவை பெரும்பாலும் ஈக்கள்.

ஆர்டிஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் செய்யக்கூடியதை எல்லாம் செய்தாள். ஐம்பது வருஷமாக வெறும் வெர்லினாக இருந்தவரை அன்று முதல் "மிஸ்டர் ஸ்கார்" என்று அழைத்தாள். பனி பெய்தால் தன் பனி அள்ளும் இயந்திரத்தால் தெரு முழுக்க நடைபாதையைச் சுத்தம் செய்துகொண்டு போவாள். ஸ்கார் வீட்டு எல்லை வந்ததும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தாண்டிப்போய் அடுத்த வீட்டில் தொடர்வாள். அந்த இயந்திரம் நாற்பது கிலோ. சர்ச்சில் எல்லாரும் சமைத்துக் கொண்டுவரும் விருந்துகளில் தன் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை ஸ்காரின் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பாள், எது முதலில் காலியாகிறது என்று ஊர் பார்க்கட்டும் என்று. ஸ்காரும் பார்த்தார். பார்த்துவிட்டு, "நல்ல வெயிலா இருக்கு இன்னிக்கு" என்றார். போர் இப்படித்தான் நடந்தது.

நான்காம் வருஷம் வாசல் மூலைக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. குழுவில் ஒன்பது பேர். இருவரில் ஒருவரிடம் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லக்கூடியவர் அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட இல்லை. அப்போதுதான் குழுவின் செயலாளரும் ஊர் நூலகருமான மாரிட் ஓஸ்ட்பி ஒரு யோசனை சொன்னாள். நூலகத்தில் புதிதாக வந்திருக்கும் ஏஐ உதவியாளரிடம் கேட்டால் லெமன் ஜூஸ் கடை விளையாட்டு நடத்தும். கற்பனை ஊர், கற்பனைக் கடை, இருபது கற்பனை நாட்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கோப்பை கலக்கலாம், என்ன விலை, எத்தனை விளம்பர போர்டு வைக்கலாம் என்று நாம் சொன்னால், அது வெயிலா மழையா, எவ்வளவு விற்றது என்று சொல்லும். ஜெயித்தவருக்கு மூலை. முகத்துக்கு நேரே மறுக்கும் வேலையை இயந்திரத்தின் தலையில் கட்டலாம் என்றதும் ஒன்பது கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஹால்வர் வரலாற்றில் இவ்வளவு வேகமான தீர்மானம் வேறில்லை.

போட்டி மார்ச் கடைசிச் சனிக்கிழமை. ஆர்டிஸுக்கு ஆறு வாரம் இருந்தது. காலை பேருந்துக்கும் மதியப் பேருந்துக்கும் நடுவில் சமையலறை மேஜையில் கணினியைத் திறந்து அதே விளையாட்டைக் கேட்டாள்.

"உங்க போட்டியாளருக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்றது உதவியாளர்.

"ஸ்கார்."

"அவர் எப்படிப்பட்டவர்னு சொன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி நடத்தறேன்."

ஆர்டிஸ் இருபத்தைந்து நிமிஷம் தட்டச்சு செய்தாள். முப்பத்தொரு வருஷ மௌனத்தில் சேர்ந்த சொற்கள் அத்தனையும் இறங்கின. உதவியாளர் பொறுமையாக வாங்கிக்கொண்டு, "புரியுது. கவனமா விலை வைக்கிற, சந்தர்ப்பத்தை விடாத ஆள். தொடங்கலாமா?" என்றது. அது இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது ஆர்டிஸுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

முதல் வாரத்திலேயே ஒரு விபத்து நடந்தது. கற்பனைப் பன்னிரண்டாம் நாள், உதவியாளர் சொன்னது: "லாரிக்காரர் ஒருத்தர்கிட்ட நூறு எலுமிச்சை மிச்சமாம். சும்மாவே தர்றேங்கறார். வாங்கிக்கறீங்களா?"

ஆர்டிஸின் விரல்கள் யோசிக்காமல் அடித்தன: "ஐயோ, அவருக்கு எதுக்குச் சிரமம், வேணாம்."

"சரி. அந்த நூறு எலுமிச்சையும் ஸ்காருக்குப் போயிடுச்சு. பதிமூணாம் நாள்."

வெண்டல் மீன் இல்லாமல் வீடு திரும்பியபோது அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாம் தடவை கேக்கவே இல்ல," என்றாள்.

"யாரு?"

"இது."

வெண்டல் காலுறையைக் கழற்றினார். "மெஷின்தானே."

"அந்த ஆளும் இதையேதானே செஞ்சான்."

"அவன் மெஷின் இல்லயே."

"அதத்தான் நானும் மூணு வருஷமாச் சொல்றேன்," என்றாள் ஆர்டிஸ். மூன்று வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

பிறகு உதவியாளரிடமே கேட்டாள், ஏன் மறுபடி கேட்கவில்லை என்று.

"நீங்க வேணாம்னு சொன்னீங்க, அதை அப்படியே எடுத்துக்கிட்டேன். உங்க ஊர் வழக்கம் வேறன்னா மன்னிக்கணும். இனிமே எல்லாத்தையும் மூணு தடவை கேக்கட்டுமா?"

ஆர்டிஸ் விரல்களை விசைப்பலகை மேல் வைத்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "வேண்டாம்" என்று அடித்தாள். அது அதையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

அன்று முதல் பயிற்சி வேறு மாதிரி ஆனது. முதல் தடவையிலேயே "வேணும்" என்று சொல்லிப் பழகினாள். வெண்டல் சாப்பாட்டு மேஜையில் உதவினார்.

"ரொட்டி வேணுமா?"

"வே... வேணும்."

"முகத்தப் பாரு. திருடுற மாதிரி இருக்கு."

"மறுபடி கேளு."

ஆறு வாரத்தில் கணினிப் பெட்டிக்குள் இருந்த ஸ்காரை அவள் நாற்பத்தொரு தடவை திவாலாக்கினாள். மழையில் திவால், வெயிலில் திவால், போர்டே வைக்காமல் ஒரு திவால். இருபதாவது தடவைக்குப் பிறகு உதவியாளர், "போட்டியாளரை மாத்தணுமா? வேற பேர்ல யாராவது?" என்று கேட்டது. "வேண்டாம். இவனே திரும்பத் திரும்ப வரட்டும்" என்றாள். ஒவ்வொரு திவாலுக்கும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு பன்றி ஸ்டிக்கர் ஒட்டினாள். பால் எடுக்க வரும்போதெல்லாம் வெண்டல் அவற்றை எண்ணுவார்.

ஒரே ஒரு தடவை தோற்றாள். விளையாட்டில் ஒருவர் மற்றவருக்குச் சரக்கு தர முன்வரலாம் என்று ஒரு விதி உண்டு. என்ன ஆகிறது பார்ப்போம் என்று, சர்க்கரை தீர்ந்து நின்ற ஸ்காருக்குத் தன் சர்க்கரையில் பாதியைத் தரச் சொன்னாள். பெட்டி ஸ்கார் உடனே வாங்கிக்கொண்டு அவளை முந்திவிட்டான்.

"பாத்தியா, மொதத் தடவையே கை நீட்டிட்டான்," என்றாள் வெண்டலிடம்.

"பெட்டிக்குள்ள இருக்கறவன் நம்ம ஊர்க்காரன் இல்ல," என்றார் வெண்டல்.

கையிலிருந்த பன்றி ஸ்டிக்கரை ஆர்டிஸ் நெடுநேரம் விரலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

போட்டி நாள். காலை பத்து மணி. நூலகத்தில் நாற்பது பேர், இரண்டு குடம் காப்பி, ஒரு பெரிய தட்டில் பிரௌனி. யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. எல்லாருக்கும் அன்றைக்கென்று பார்த்துப் புத்தகம் திருப்பித் தர வேண்டியிருந்தது. பெரிய திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். உதவியாளர் ஒலிபெருக்கி வழியாகப் பேசும், இருவரும் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

"ரோடு எப்படி இருக்கு, மிஸ்டர் ஸ்கார்?"

"பரவால்ல, ஆர்டிஸ். உங்க தெருவுல?"

"எல்லா வீட்டு முன்னாடியும் சுத்தமா இருக்கு. ஒண்ணத் தவிர."

ஸ்கார் சாதாரண ஆள் இல்லை. முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களின் ஆபத்தைக் கணக்குப் போட்டு விற்றவர். மழை வரும் நாளில் குறைவாகக் கலந்தார், வெயில் நாளில் விலையை ஏற்றிவிட்டார். ஆர்டிஸ் விடாமல் பின்னாலேயே ஓடினாள். பதினொன்றாம் நாள் லாரிக்காரர் எலுமிச்சையோடு வந்தார். உதவியாளர் முதலில் ஆர்டிஸிடம் கேட்டது. அவள் "வேணும்" என்றாள். கூட்டத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ, "வித்தியாசமா இருக்கே" என்று முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. பாதிரியாரின் மீசைக்குப் பிறகு இப்போதுதான்.

இதற்கிடையே தட்டில் ஒரே ஒரு பிரௌனி மிஞ்சியிருந்தது. கடைசித் துண்டை எடுக்கிற ஆள் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஒருவர் அதைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டார், அடுத்தவர் மிச்சத்தைப் பாதியாக்கினார், அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்ததும் அதைச் சுற்றி மரியாதையான வெற்றிடம் உண்டாயிற்று.

பத்தொன்பதாம் நாள் முடிவில் ஸ்கார் நாற்பது டாலர் முன்னால் இருந்தார். கடைசி நாளுக்கு முன்பு உதவியாளர் அறிவித்தது: "ராத்திரி பெரிய மழை. மிஸ்டர் ஸ்கார் கடைக் கூரை ஒழுகி சர்க்கரை மொத்தமும் கரைஞ்சுடுச்சு. நாளைக்கு ஞாயிறு, ஊர்ல கடை எதுவும் திறக்காது. வெயில் நூறு டிகிரி. ஆர்டிஸ்கிட்ட இருநூறு கோப்பைக்குச் சர்க்கரை இருக்கு."

அதாவது ஆட்டம் முடிந்தது. சர்க்கரை இல்லாத ஸ்காரால் ஒரு கோப்பைகூட விற்க முடியாது. கோப்பை ஐம்பது சென்ட் என்று வைத்தாலும் ஆர்டிஸ் நூறு டாலர் சம்பாதித்து மேலே போய்விடுவாள். பின்னாலிருந்து வெண்டல் குனிந்து, "ஜெயிச்சுட்ட" என்றார்.

"நானா? மழைதானே ஜெயிச்சுது," என்றாள் ஆர்டிஸ்.

அவளுக்கு ஊரைத் தெரியும். பாவம் வெர்லின், கூரை ஒழுகிடுச்சு என்று ஆகஸ்ட் வரைக்கும் பேசுவார்கள். மழையால் வந்த மூலையைப் பெருந்தன்மையாக அவருக்கே விட்டுக்கொடுத்திருக்கலாம் என்பார்கள். ஸ்கார் இப்போதே தலையை ஒரு பக்கம் சாய்த்து அந்த இரக்கத்தை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இவரை மழையா தோற்கடிப்பது? மூன்று வருஷம் பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் நின்றது மழையா?

ஆர்டிஸ் ஒலிவாங்கி பக்கம் சாய்ந்தாள். "என் சர்க்கரைல பாதியை மிஸ்டர் ஸ்காருக்குத் தர்றேன். சும்மாவே."

வெண்டல் அவள் தோளைப் பிடித்தார். பாதியைக் கொடுத்தால் இருவரும் சமமாக விற்பார்கள், நாற்பது டாலர் அப்படியே நிற்கும், மூலை போய்விடும். அது அவளுக்கும் தெரியும். திரையையே பார்த்தாள்.

"மிஸ்டர் ஸ்கார்," என்றது உதவியாளர், "ஆர்டிஸ் தன் சர்க்கரையில பாதியை இலவசமாத் தர்றேங்கறாங்க. வாங்கிக்கறீங்களா?"

நாற்பது பேர் ஸ்காரைப் பார்த்தார்கள். நாற்பது பேர் முன்னால், ஒரு பெண்பிள்ளை சும்மா கொடுப்பதை, முதல் தடவையிலேயே வாங்குவதா? ஸ்காரின் முகத்தில் எழுபது வருஷ வளர்ப்பு ஏறி உட்கார்ந்தது. இதமாகச் சிரித்தார்.

"அட, அவங்களுக்கு எதுக்குச் சிரமம். வேணாம், வேணாம்," என்றார். சொல்லிவிட்டு, அடுத்த தடவை கேட்கும்வரை ஒரு வாய் காப்பி குடிக்கலாம் என்று கோப்பையை எடுத்தார்.

"சரி, வேணாம்னு குறிச்சுக்கிட்டேன். இருபதாம் நாள் தொடங்குது. ஆர்டிஸ், எத்தனை கோப்பை?"

"இருநூறு. கோப்பை ஐம்பது சென்ட்."

"இரு, இரு," என்றார் ஸ்கார், காப்பி கோட்டில் சிந்த. "நான் இன்னும் பேசி முடிக்கல."

"இருநூறு கோப்பையும் வித்துப்போச்சு. ஆட்டம் முடிஞ்சுது. ஆர்டிஸ் அறுபது டாலர் முன்னால."

"மாரிட், இது என்ன நியாயம்? அது மறுபடி கேக்கவே இல்லயே."

மாரிட் காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியவற்றையே மறுபடி அடுக்கினாள். அப்போதுதான் ஆர்டிஸ் நாற்காலியைத் திருப்பினாள். பேருந்துக் கண்ணாடியில் பார்க்கும் அதே பார்வை.

"வேணாம்னு சொன்னீங்க, மிஸ்டர் ஸ்கார். வேணாம்னா வேணாம்னுதானே அர்த்தம்."

மூன்று வருஷம் முன்பு அந்த வாக்கியத்தைக் கேட்ட ஒன்பது பேரும் அங்கே இருந்தார்கள். நூலகத் தரையில் பார்ப்பதற்கு மரக்கோடுகள் இல்லை, ஆகவே கம்பளத்தை ஆராய்ந்தார்கள்.

மாரிட் ஈனக்குரலில் கேட்டாள்: "அப்ப... மூலைக் கடை உங்களுக்கா, ஆர்டிஸ்?"

எல்லாரும் காத்திருந்தார்கள். இப்போது அவள் "அட, எனக்கென்ன, வெர்லினே வச்சுக்கட்டும்" என்று தொடங்க வேண்டும். ஊரின் மானம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள் ஆர்டிஸ். எழுந்துபோய், தட்டிலிருந்த அந்தக் கட்டைவிரல் நகம் அளவு பிரௌனியை வாயில் போட்டுக்கொண்டாள்.

இதற்கு அவள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஊர் அவளிடம் எதையும் இரண்டாம் தடவை கேட்பதை நிறுத்திவிட்டது. சர்ச்சில் காப்பிக் கூஜா அவளைத் தாண்டிப் போகும்போது ஒரு தரம்தான் நிற்கும். அவள் ஒரு தரத்திலேயே வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் வந்தது. மூலையில் ருபார்ப் ஜூஸுக்கு வரிசை ராட்டினம் வரைக்கும் நின்றது. வரிசையில் நின்றவர்கள் அவளைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டார்கள், பேசியபடியே இரண்டு கோப்பை வாங்கினார்கள். ஸ்காரின் மினி டோனட் பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் வெந்துகொண்டிருந்தது. காற்று தெற்கிலிருந்து, பன்றி வாடையை டோனட் பக்கமே தள்ளிக்கொண்டு அடித்தது. ஆர்டிஸ் அதை வானிலை அறிக்கையில் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் மதியம், கடையை வெண்டலிடம் விட்டுவிட்டு, மூடிபோட்ட ஒரு பெரிய கோப்பையில் உறிஞ்சுகுழலைச் செருகிக்கொண்டு அவள் கொட்டகைப் பக்கம் நடந்தாள். கோப்பை காலி. எப்படியும் வேண்டாம் என்று சொல்லப்போகிற ஆளுக்கு நல்ல ஜூஸை எதற்கு வெயிலில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? அவர் மறுக்க வேண்டும், இவள் சரி என்று திரும்ப வேண்டும், ஐந்து நாளும் தினம் ஒரு தடவை. அவ்வளவுதான் திட்டம்.

"வியாபாரம் எப்படி, மிஸ்டர் ஸ்கார்?"

"அவ்வளவு மோசமில்ல," என்றார் ஸ்கார், ஈயை ஓட்டியபடி. அங்கே டோனட் வாங்க வந்த ஆறேழு பேர் நின்றிருந்தார்கள்.

"ரொம்ப வெயிலா இருக்கே. ஜூஸ் குடிக்கிறீங்களா?"

ஸ்கார் அவளை நேராகப் பார்த்தார். மார்ச்சிலிருந்து அவரும் ஏதோ பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

"குடுங்க," என்று கையை நீட்டினார்.

ஆர்டிஸால் பின்வாங்க முடியவில்லை. கொடுத்தாள். எடை இல்லாத கோப்பை அவர் கைக்குப் போனதும் ஸ்காரின் புருவம் லேசாக உயர்ந்தது. மூடிக்குள் பார்த்தார். சுற்றி நின்ற ஆறேழு பேரையும் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை அன்போடு கொண்டுவந்து கொடுத்ததை, நாலு பேர் நடுவில், காலி என்று சொல்வதா? குழலை உதட்டில் வைத்தார். கன்னம் குழிய உறிஞ்சினார். விழுங்கினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவு மோசமில்ல," என்றார்.

"இன்னொண்ணு கொண்டுவரவா?" என்றாள் ஆர்டிஸ்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.